குமட்டலுக்கு ஒரு பொட்டலம் ஈனோ

கோத்தகிரிக் கடைவீதியில் உள்ள ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். காலையில் கடை திறந்த முதல் ஒரு மணி நேரத்தில், மருத்துவர் சீட்டு இல்லாமல் எங்களிடம் அதிகம் கேட்கப்படும் பொருள் ஈனோதான். "வாந்தி வர்ற மாதிரியே இருக்குதுக்கா, ஒரு ஈனோ குடுங்க" என்று சொல்லிச் சில்லறையை மேசைமேல் வைப்பவர்களில் தேயிலைத் தோட்டத்துக்கு இலை எடுக்கப் போகும் பெண்கள் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து முதல் பேருந்தில் ஏறி வந்து இறங்கியவர்கள் உண்டு. முந்தைய இரவு கல்யாண விருந்தில் அளவு மீறிச் சாப்பிட்டவர்களும், மாதம் தள்ளிப் போயிருப்பதை இன்னும் வீட்டில் சொல்லாத இளம்பெண்களும் உண்டு. எல்லோரும் சொல்லும் தொல்லை ஒன்றுதான். அது கிளம்பும் இடம்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. வயிற்று அமிலம் மிகுந்து வரும் குமட்டலை இந்தப் பொடி சில நிமிடங்களில் தணித்துவிடும். வேறு காரணத்தால் வரும் குமட்டலுக்கு அது பயன்படாது. சிலருக்குக் கெடுதலும் செய்யும். பொட்டலத்தைக் கிழிப்பதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளை ஒவ்வொருவரிடமும் நின்று பேசக் கடையில் நேரம் கிடைப்பதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், அது உண்மையாகவே உதவும் இடத்தைப் பார்ப்போம். எங்கள் மலையில் அமிலத் தொல்லை இவ்வளவு பரவலாக இருப்பதற்குக் காலைப் பழக்கமே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். குளிரில் எழுந்தவுடன் கடுந்தேநீர் ஒரு டம்ளர், பல வீடுகளில் பால்கூடச் சேர்க்காமல். அதனுடன் கிடைத்தால் ஒரு வர்க்கி, கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை. பிறகு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, டிபன் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்கு நடை. உருப்படியான சாப்பாடு உள்ளே போக நண்பகல் ஆகிவிடும். தேநீரில் உள்ள கஃபீன் வயிற்றில் அமிலச் சுரப்பைத் தூண்டுகிறது. உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வளையத் தசையையும் அது சற்றுத் தளர்த்துகிறது. கடுந்தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் வெறும் வயிற்றில் தாமே குமட்டலை உண்டாக்க வல்லவை. இதற்கு மேல், சரிவில் குனிந்து குனிந்து இலை எடுக்கும் வேலை. குனியும்போது வயிறு அழுத்தப்பட்டு, உள்ளே இருக்கும் அமிலம் மேலே ஏறி நெஞ்சைக் கரிக்கிறது, வாயில் புளித்த நீர் ஊறுகிறது, எதுக்களித்துக்கொண்டு வருகிறது. இடுப்புவலிக்காகப் பெட்டிக்கடையில் வாங்கிய வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொள்பவர்களுக்கு வயிற்றின் உட்சுவரே புண்ணாகி, இந்தத் தொல்லை இரட்டிப்பாகிறது.

இப்படிப்பட்டவருக்கு நெஞ்சுக் கரிப்பும் புளியேப்பமும் குமட்டலோடு சேர்ந்தே இருக்கும். ஏப்பம் விட்டால் சற்றுத் தேவலை என்பார். அவருக்கு ஈனோ பொருந்தும். நியூகாசில் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் கிராஸ்லி ஈனோ என்பவர் 19ஆம் நூற்றாண்டில் விற்கத் தொடங்கிய பொடி அது. நூற்றாண்டு கடந்தும் அதன் அடிப்படை மாறவில்லை. ஐந்து கிராம் பொட்டலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சோடியம் பைகார்பனேட், அதாவது நம் வீட்டுச் சமையல் சோடா. ஏறத்தாழ அதே அளவுக்குச் சிட்ரிக் அமிலம், அதாவது எலுமிச்சையின் புளிப்பு. உறையின் பின்புறத்தில் இவை சுவர்ஜிக்ஷாரம், நிம்புகாம்லம் என்று ஆயுர்வேதப் பெயர்களில் அச்சிடப்பட்டிருப்பதால், உள்ளே இருப்பது ஏதோ மூலிகை என்று நம்பி அளவில்லாமல் குடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூலிகை எதுவும் இல்லை, உப்பும் புளிப்பும்தான்.

உலர்ந்திருக்கும் வரை அவை இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. நீர் பட்டவுடன் வினைபுரிந்து, சோடியம் சிட்ரேட்டாகவும் நீராகவும் கரியமில வாயுவாகவும் மாறுகின்றன. ஒரு பொட்டலத்திலிருந்து வெளிவரும் வாயு அரை லிட்டருக்கும் மேல் இருக்கும். டம்ளரில் பொங்கும் நுரை அதுதான். நுரை பொங்கும்போதே மடக்கென்று குடித்தால்தான் வேலை செய்யும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் பொங்கி அடங்கியபின் குடிப்பதே நல்லது, ஏனெனில் வெளியே போகவேண்டிய வாயுவை வயிற்றுக்குள் அனுப்பினால் ஏற்கெனவே உப்பியிருக்கும் வயிறு இன்னும் உப்பும். நுரை அடங்கிய நீரில் கரைந்திருக்கும் சிட்ரேட்டும் மிஞ்சிய பைகார்பனேட்டும் உள்ளே போய் வயிற்றின் அமிலத்தை முறிக்கின்றன. அப்போது சிறிதளவு வாயு உண்டாகி, ஓர் ஏப்பமாக வெளியேறுகிறது. அந்த ஏப்பத்தோடு நெஞ்சின் பாரமும் குமட்டலும் இறங்குவதை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தச் சுகம் நீடிப்பதில்லை. வெறும் வயிற்றில் குடித்தால், வயிறு அந்த நீரை அரை மணி நேரத்துக்குள்ளேயே பெரும்பாலும் குடலுக்குத் தள்ளிவிடுகிறது. அமிலம் மறுபடி சுரக்கிறது. எட்டு மணிக்குக் குடித்தவர் ஒன்பதரைக்கு மறுபடி வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் பலன் அதைவிட நெடுநேரம் நிற்கும். இதைச் சொன்னால் சிலர் வியப்பாகப் பார்க்கிறார்கள், ஏனென்றால் காலையில் தேநீருக்கு முன்பே ஈனோவைக் குடித்து வயிற்றைத் தயார் செய்வது அவர்கள் வீட்டு வழக்கமாகவே ஆகியிருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்வது எளிது: ஈனோவின் இடத்தில் இரண்டு இட்லியை வையுங்கள், இட்லி இல்லையென்றால் முந்தைய நாள் சப்பாத்தியோ ஒரு மலைவாழைப்பழமோ போதும், தேநீர் அதற்குப் பிறகு வரட்டும். பலருக்குக் காலைக் குமட்டல் இதிலேயே நின்றுவிடுகிறது. பொட்டலம் விற்பது என் வேலை என்றாலும் இதைச் சொல்லாமல் விடுவதற்கு மனம் வருவதில்லை.

பொட்டலத்துக்குப் பதிலாக மளிகைக்கடைச் சமையல் சோடாவை ஒரு தேக்கரண்டி அள்ளி வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பவர்களும் உண்டு. அது மலிவு, உண்மைதான். ஆனால் அதில் வாயு முழுவதும் வயிற்றுக்குள்ளேயே உண்டாகிறது. முட்டமுட்டச் சாப்பிட்ட வயிற்றில் இப்படி ஒரேயடியாக வாயு கிளம்பி வயிறு கிழிந்துபோன நிகழ்வுகள் அரிதாக இருந்தாலும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. விருந்து உண்ட இரவில் மூச்சுவிடச் சிரமப்படும் அளவுக்கு வயிறு நிறைந்திருக்கும்போது எந்தச் சோடாவும் வேண்டாம். மெல்ல நடப்பதும், இடப்பக்கமாகத் தலையை உயர்த்திப் படுப்பதும் போதும்.

மழைக்காலத்தில் எங்கள் ஊரில் இன்னொரு சிறு சிக்கல். பொட்டலமாக வாங்காமல் பெரிய குப்பியாக வாங்கி, மூடியைச் சரியாகத் திருகாமல் அடுக்களை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். ஐப்பசி மாதத்து மூடுபனி சன்னல் வழியே அடுப்படி வரை வந்துவிடும் ஊர் இது. அந்த ஈரமே போதும். பொடி தனக்குத்தானே மெதுவாக வினைபுரிந்து, அடியில் கல்லாக இறுகிவிடும். கரண்டிக்காம்பால் குத்திப் பெயர்த்து நீரில் போட்டால் ஓரத்தில் நாலு குமிழ் மட்டும் வந்து நிற்கும். அப்படி இறுகியதை எறிந்துவிடுவதே சரி. இந்த மலையில் இருப்பவர்கள் ஒற்றைப் பொட்டலமாக வாங்குவதே நல்லது.

இனி, நான் கவலைப்படும் இடங்கள். முதலாவது உப்பு. ஒரு பொட்டலத்தில் உள்ள பைகார்பனேட்டிலிருந்து மட்டும் சுமார் 630 மில்லிகிராம் சோடியம் உடலில் சேர்கிறது. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாகவே சோடியம் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டு பொட்டலம் குடித்தால், ஒரு பருக்கை சோறு உண்பதற்கு முன்பே அதில் பாதியைத் தாண்டிவிடுகிறோம். சமையல் சோடாவை மட்டமாக ஒரு தேக்கரண்டி எடுத்தால், அது ஒன்றே இரண்டு பொட்டலத்துக்குச் சமம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் ஊர்களுக்கும் இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அந்த மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, ஊறுகாயையும் அப்பளத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு, தினமும் ஈனோ குடிக்கும் பெரியவர்களை நான் அறிவேன். ஈனோ இனிப்பும் புளிப்புமாக இருப்பதால் அதில் உப்பு இருப்பதாக நாக்கு சொல்வதில்லை. இரத்த அழுத்தம், இதயத் தளர்ச்சி, சிறுநீரகக் கோளாறு, கால் வீக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால் இந்தப் பொடி உங்களுக்கானது அல்ல. அழுத்தக்காரர்களுக்கு அவசரத்துக்கு ஜெலுசில், டைஜீன் வகை அலுமினிய, மக்னீசிய மருந்துகளில் ஒன்றை இரண்டு தேக்கரண்டி கொடுத்து அனுப்புகிறேன். அவற்றில் சோடியம் மிகக் குறைவு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அவையும் ஆகாது என்பதால், அவர்களை மருத்துவரிடம்தான் அனுப்பவேண்டும்.

எந்த நோயும் இல்லாதவர் என்றாலும் ஒரு நாளில் இரண்டு பொட்டலத்தைத் தாண்ட வேண்டாம் என்றும், இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லித்தான் கொடுக்கிறேன். தொல்லை விடாமல் இருப்பதற்குப் பின்னால் வயிற்றுப்புண் இருக்கலாம், ஹெலிகோபாக்டர் என்ற கிருமி இருக்கலாம், பித்தப்பைக் கல் இருக்கலாம். மலம் தார்போல் கறுத்துப் போவது, வாந்தி காப்பித்தூள் நிறத்தில் வருவது, விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமில்லாமல் உடல் மெலிவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் இரண்டு வாரம் என்ற கணக்கெல்லாம் கிடையாது, அன்றே போகவேண்டும்.

இரண்டாவது, இந்தப் பொடி மற்ற மருந்துகளின் வேலையைக் கெடுப்பது. இதை நான் அதிகம் பார்ப்பது இரும்புச்சத்து மாத்திரை விஷயத்தில்தான். தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா, அறுபதை நெருங்கியவர், மாதாமாதம் மகளுக்கும் தனக்கும் மருந்து வாங்க வருவார். இரத்தம் குறைவாக இருக்கிறது என்று சுகாதார நிலையத்தில் அவருக்குச் சிவப்பு மாத்திரை கொடுத்திருந்தார்கள். பல மாதம் ஆகியும் இரத்த அளவு ஏறவில்லை. அன்றைக்கு வழக்கம்போல் ஈனோ கேட்டபோது, எந்த நேரத்துக்கு எதைச் சாப்பிடுகிறீர்கள் அம்மா என்று கேட்டேன்.

"காலைல எந்திரிச்சதும் அந்தச் செவப்பு மாத்திரைய டீத்தண்ணில முழுங்கிருவேன் கண்ணு. அது போட்டா வயித்தப் பொரட்டும். அதுக்குத்தான் ஈனோ."

அந்தப் பதிலிலேயே முழு விளக்கமும் இருந்தது. இரும்பு மாத்திரை வெறும் வயிற்றில் குமட்டலைத் தரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் குமட்டலுக்காக அவர் குடித்த சோடா, இரும்பு கரைந்து உடலில் சேர்வதற்குத் தேவையான அமிலத்தை முறித்துவிடுகிறது. விழுங்க உதவிய தேநீரோ, தன் துவர்ப்புப் பொருளால் இரும்பைப் பிணைத்துக் குடலோடு வெளியேற்றிவிடுகிறது. அவர் ஒழுங்காகத்தான் மாத்திரை போட்டிருக்கிறார், ஆனால் அதில் பெரும்பகுதி இரத்தத்தை எட்டவே இல்லை. அவருடைய அட்டையிலேயே எழுதிக் கொடுத்தேன்: சிவப்பு மாத்திரை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, வெறும் தண்ணீரில் அல்லது எலுமிச்சை நீரில், முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்குத் தேநீர் வேண்டாம், ஈனோ வேண்டவே வேண்டாம். தூங்கும் நேரத்தில் போட்டால் குமட்டல் தெரியாது என்று சொன்னபோது அவர் அரைமனதாகத்தான் தலையாட்டினார். அடுத்தடுத்த மாதங்களில் ஈனோ கேட்பது நின்றுவிட்டது. பிறகு எடுத்த பரிசோதனைச் சீட்டை எனக்கென்றே கொண்டுவந்து காட்டினார், அளவு ஏறியிருந்தது.

இரும்பு மாத்திரை மட்டும் அல்ல. தைராய்டு மாத்திரை, டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகள் ஆகியவற்றையும் அமில முறிப்பு மருந்துகள் உடலில் சேரவிடாமல் குறைத்துவிடுகின்றன. சோடாவைவிட அலுமினியமும் மக்னீசியமும் கால்சியமும் கலந்த மருந்துகள் இதில் மோசம். உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுக்கப்பட்டு, அது வயிற்றைப் புரட்டுகிறது என்று உடனே டைஜீன் குடித்தால், காய்ச்சலுக்கான மருந்தை நாமே பாழாக்கியவர்கள் ஆவோம். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம்.

கர்ப்பிணிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மசக்கையில் வரும் குமட்டலுக்கும் வயிற்று அமிலத்துக்கும் தொடர்பு மிகக் குறைவு. உடலில் மாறும் ஹார்மோன்களே காரணம். சோடாவின் உப்பு உடலில் நீரைத் தேக்கிவைக்கும் என்பதால் கர்ப்ப காலத்தில் அது தவிர்க்கப்பட வேண்டியது. மசக்கைக்கு இஞ்சி உதவுகிறது. சிறிது சிறிதாகப் பலமுறை உண்பது உதவுகிறது. அதற்கும் அடங்காவிட்டால் வைட்டமின் பி6 கலந்த டாக்சிலமின் மாத்திரையை மருத்துவர் தருவார். கடையில் நின்று தயங்கித் தயங்கி ஈனோ கேட்கும் இளம்பெண்ணிடம், "நாள் தள்ளிப் போயிருக்காம்மா?" என்று அருகில் அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்பது என் வழக்கம். அவள் கண் தாழ்ந்தால், பொட்டலத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வேறு பேச்சு பேசுவோம்.

அடுத்து, மலை ஏறி வருபவர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரத்தில் கிளம்பி, ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இறங்குகிறோம். மசினகுடி வழியாகக் கல்லட்டி ஏறுபவர்களுக்கு 36 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுதோறும் காதின் உட்பகுதியில் உள்ள சமநிலை உறுப்பு உடல் சுழல்வதாகச் சொல்கிறது. கைப்பேசியிலோ முன்இருக்கையின் முதுகிலோ பதிந்திருக்கும் கண் எதுவும் அசையவில்லை என்று சொல்கிறது. இந்த முரண்பாட்டில்தான் மூளை வாந்தியைத் தூண்டுகிறது. இதில் வயிறு பாவம், எதுவும் செய்யவில்லை. அதனால் பேருந்து ஏறுவதற்கு முன் ஈனோ குடிப்பதில் பயன் இல்லை. வாயுவும் நீருமாக நிரம்பிய வயிற்றோடு வளைவில் ஏறினால் வாந்தி இன்னும் எளிதாக வரும். முன்பக்க இருக்கையில் உட்கார்ந்து, சாலை திரும்பும் திசையில் தொலைவாகப் பார்வையை வைத்திருங்கள். வெறும் வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம். சுக்குத் துண்டையோ இஞ்சி மிட்டாயையோ வாயில் அடக்கிக்கொள்ளலாம். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வரும் பாட்டிமார்களை நான் தடுப்பதில்லை, டீசல் நெடியை அது மறைக்கிறதல்லவா. தவறாமல் வாந்தி எடுப்பவர்களுக்கு அவோமின் போன்ற மாத்திரை உண்டு. அதைக் கிளம்புவதற்கு ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு முன் போடவேண்டும், பாதி மலை ஏறிக் குமட்டத் தொடங்கியபின் போட்டால் வேலைக்கு ஆகாது. தூக்கம் வரும் என்பதால் வண்டி ஓட்டுபவர் அதைத் தொடவே கூடாது.

உதகையின் உயரத்தால்தான் தலைசுற்றுகிறது என்று சொல்லும் சுற்றுலாப் பயணிகளும் உண்டு. உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் பல மணி நேரம் தங்குபவர்களுக்கே வரும். 2,240 மீட்டர் உயரத்து உதகையில் இறங்கிய உடனே குமட்டினால், பழியைச் சாலை வளைவின்மேல் போடுவதுதான் நியாயம்.

வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வரும்போது என்ன செய்வது என்பதில்தான் இந்தக் காரம் (சோடாவைப் போல அமிலத்தை முறிப்பது), அமிலம் என்ற விஷயம் மிகவும் முக்கியமாகிறது. திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பவர் வயிற்றின் அமிலத்தை வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய இரத்தம் ஏற்கெனவே காரத்தன்மையின் பக்கம் சாய்ந்திருக்கும், பொட்டாசியமும் குறைந்திருக்கும். அவருக்கு மேலும் மேலும் சோடா கொடுப்பது அந்தச் சாய்வை இன்னும் அதிகமாக்கும். மயக்கமும் தசைப்பிடிப்பும் வரும். மாறாக, நீராக வயிற்றுப்போக்கு போகிறவர் குடல் வழியே பைகார்பனேட்டை இழக்கிறார். அவருடைய இரத்தம் அமிலத்தன்மைக்குப் போகிறது, அந்த அமிலத்தன்மையே அவருக்கு வாந்தியைத் தருகிறது. இவருக்குக் காரம் தேவைதான், ஆனால் அது சரியான அளவில், சர்க்கரையோடும் பொட்டாசியத்தோடும் சேர்ந்து போகவேண்டும். அதற்கென்றே அளந்து செய்யப்பட்டது ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட். அந்தச் சிட்ரேட் கல்லீரலில் பைகார்பனேட்டாக மாறுகிறது. ஆரம்ப காலத்தில் அதில் நேரடியாகப் பைகார்பனேட்டே கலந்திருந்தார்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் அந்தப் பொட்டலம் விரைவில் கெட்டுப்போனதால் 1980களில் சிட்ரேட்டுக்கு மாற்றினார்கள். குப்பியில் கல்லாகிப்போகும் பொடியைக் கண்டவர்களுக்கு இந்த மாற்றத்தின் பயன் சொல்லாமலே விளங்கும். குழந்தைக்கு வாந்தி என்று ஈனோ கேட்டு வரும் பெற்றோருக்கு நான் கொடுப்பது ஓ.ஆர்.எஸ். மட்டுமே. வாந்தி எடுத்தபின் பத்து நிமிடம் பொறுத்து, தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டவேண்டும். டம்ளரோடு கொடுத்தால் அப்படியே திரும்பி வந்துவிடும். குழந்தை துவண்டு கிடந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காவிட்டாலோ மருத்துவமனைதான்.

கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களில் மருந்தடிப்பவர்களைப் பற்றி மறக்காமல் சொல்லவேண்டும். மருந்தடித்துவிட்டு வந்த மாலையில் குமட்டல், வாயில் எச்சில் வழிதல், உடல் குப்பென்று வியர்த்தல், பார்வை மங்குதல், தசை துடித்தல் இருந்தால் அது பூச்சிமருந்து தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போனதன் அறிகுறி. கண்ணின் கருமணி ஊசிமுனைபோல் சுருங்கியிருக்கும். ஈனோவோ மோரோ கொடுத்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. நனைந்த உடையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடலைக் கழுவிவிட்டு, அடித்த மருந்தின் புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும். புட்டியின் பெயரைப் பார்த்தால்தான் மாற்றுமருந்தை மருத்துவர் விரைவாக முடிவு செய்ய முடியும்.

கடைசியாக, என்னை உறங்கவிடாத ஒன்று. மாரடைப்பு எல்லோருக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதாக வருவதில்லை. பெண்களுக்கும், முதியவர்களுக்கும், நெடுநாளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அது குமட்டலாக, மேல்வயிற்றில் ஒரு பாரமாக, இனம் தெரியாத களைப்பாக வரலாம். நம் வீடுகளில் அதற்கு உடனே வாயுப் பிடிப்பு என்று பெயர் வைத்து, ஒரு ஈனோவைக் கரைத்துக் கொடுத்து, கேட்கவில்லை என்றால் இன்னொன்று கொடுத்து, விடியட்டும் பார்க்கலாம் என்று படுக்க வைக்கிறோம். பொடி குடித்து ஓர் ஏப்பம் வந்ததால் சற்றுத் தேவலையாகத் தோன்றினாலும், அடைப்பு அப்படியே இருக்கும். ஆகவே நாற்பதைக் கடந்தவர் குமட்டலுக்கு மருந்து கேட்டால் நான் சில கேள்விகள் கேட்கிறேன்: வியர்க்கிறதா, இடக்கையிலோ தாடையிலோ முதுகிலோ வலி இழுக்கிறதா, மேட்டில் ஏறும்போது அதிகமாகி உட்கார்ந்தால் குறைகிறதா, சர்க்கரை இருக்கிறதா. நம் ஊரில் வீட்டிலிருந்து கடைவீதிக்கு வருவதே ஒரு மேடு ஏறுவதுதான் என்பதால், மூன்றாவது கேள்விக்கு எல்லோருக்கும் பதில் தெரியும்.

ஒரு நாள் மாலை, கடையை மூடும் நேரத்தில், ஒருவர் தம் மனைவிக்காக இரண்டு ஈனோ கேட்டு வந்தார். காலையிலிருந்து குமட்டல், இரண்டு குடித்தும் நிற்கவில்லை என்றார். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டேன்; பத்து வருடமாக இருக்கிறது என்றார். வியர்க்கிறதா என்றேன். "ஆமாங்க, இந்தக் குளிர்லயும் ஜாக்கெட் நனைஞ்சு போச்சு" என்றார். பொட்டலத்தைத் தரவில்லை. என் கைப்பேசியிலிருந்தே 108க்கு அழைத்தேன். அரசு மருத்துவமனையில் எடுத்த இ.சி.ஜி.யில் மாரடைப்பு என்று தெரிந்து, அன்றிரவே கீழே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள்; அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, அடைப்பு வந்த சில மணி நேரத்துக்குள் போட்டால் இதயத் தசையைப் பெருமளவு காப்பாற்றும். நேரம் போகப்போக அதன் பலன் குறைந்துகொண்டே வரும். கோயம்புத்தூருக்குப் போய்ச் சேர எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆகும், மூடுபனி இறங்கிய இரவில் அதற்கும் மேல். எனவே நீலகிரியில் வயதானவர்களோடு வாழும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: வியர்வையோடு வரும் குமட்டலுக்கு வீட்டில் எதையும் கரைத்துக் கொடுக்காதீர்கள். முதலில் 108க்கு அழையுங்கள். பக்கத்தில் எந்த மருத்துவமனையில் இரவிலும் இ.சி.ஜி. எடுக்கிறார்கள் என்பதை இன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.